துப்பாக்கியின் பொறியமைப்பு, வரலாறு, சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கிச் சட்டங்கள் பலருக்குக் குழப்பமாகத் தெரிவதற்குக் காரணம், பொறியைத் தெரிந்துகொள்ளாமல் சட்டத்தை மட்டும் படிப்பதுதான். எந்த நாட்டுச் சட்டமாக இருந்தாலும் அது ஏதோ ஒரு பாகத்தையோ அளவையோ பிடித்துக்கொண்டுதான் கோடு போடுகிறது. குழலின் நீளம், பற்றவைக்கும் முறை, அடுத்த தோட்டா தானாக ஏறுகிறதா இல்லையா என்பவை அப்படிப்பட்டவை. அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே விளக்கியிருக்கிறோம். சட்ட விதிகள் அடிக்கடி மாறுபவை. எதையும் செய்வதற்கு முன் உங்கள் பகுதி உரிம அதிகாரியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

துப்பாக்கி முதலில் எங்கே தோன்றியது?

சீனாவில். வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கருமருந்தின் செய்முறை 1044-ல் தொகுக்கப்பட்ட சீனப் போர்க்கலை நூலிலேயே இருக்கிறது. முதலில் ஈட்டியின் நுனியில் மூங்கில் குழாயைக் கட்டி நெருப்பைக் கக்க வைத்தார்கள். பிறகு குழாய் உலோகமானது, அதற்குள் போட்ட பொருள் எறிகுண்டானது. ஹெய்லோங்ஜியாங்கில் கிடைத்த வெண்கலக் கைப்பீரங்கி ஏறத்தாழ 1288-ஐச் சேர்ந்தது. ஐரோப்பாவில் கிடைக்கும் மிகப் பழைய பீரங்கி ஓவியம் 1326-ல் எழுதப்பட்ட ஓர் ஆங்கிலேயச் சுவடியில் இருக்கிறது. அதில் குடம் போன்ற பீரங்கியிலிருந்து குண்டு வரவில்லை, அம்பு பாய்கிறது.

திரியில் தொடங்கி இன்றைய பிரைமர் வரை பற்றவைக்கும் முறை எப்படி மாறியது?

துப்பாக்கி வரலாற்றில் பாதி இந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கிவிடும். 15-ஆம் நூற்றாண்டின் திரித்துப்பாக்கியில் கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத்திரியை ஒரு கொக்கி பிடித்திருக்கும். விசையை இழுத்தால் கொக்கி இறங்கி, குழலின் பக்கத்திலுள்ள கிண்ணத்து மருந்தைப் பற்றவைக்கும். மழையில் திரி அணையும். இருட்டில் அதன் கனல் எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரி எரியாதபோது துப்பாக்கி பயன்படாது.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சக்கரப் பூட்டு என்னும் பற்றவைக்கும் பொறி வந்தது. சாவிகொடுத்து முறுக்கிவைத்த இரும்புச் சக்கரம் சுழன்று ஒரு கனிமக்கல்லில் உரசி நெருப்புப்பொறி எழுப்பும். இப்போது துப்பாக்கியை நிரப்பி, முறுக்கி, அங்கிக்குள் மறைத்து எடுத்துச் செல்ல முடிந்தது. புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் 1517-ல் தன் ஆட்சிப்பகுதியில் சக்கரப் பூட்டுத் துப்பாக்கிகளைத் தடைசெய்தது இதற்காகத்தான். திரித்துப்பாக்கியை அவர் தொடவில்லை. மறைத்து வைக்க இடம் கொடுத்த பொறியை மட்டும் தடுத்தார். துப்பாக்கிச் சட்டத்தின் அடிப்படைத் தர்க்கம் அன்றைக்கே தெளிவாகிவிட்டது.

சக்கரப் பூட்டு கடிகாரம்போல நுணுக்கமானது, விலையும் அதிகம். 1610 வாக்கில் பிரான்சில் உருவான சக்கிமுக்கிப் பூட்டு எளிதாக இருந்ததால் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. அதன் குறை, விசையை இழுப்பதற்கும் குண்டு வெளியேறுவதற்கும் இடையிலான கணநேரத் தாமதம். கிண்ணத்தில் எழும் பளிச்சிடலைக் கண்டு பறவைகள் தப்பிவிடும். இதனால் வெறுத்துப்போன ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித், அடித்தால் வெடிக்கும் ஃபல்மினேட் வகை மருந்தைப் பயன்படுத்தும் பூட்டுக்கு 1807-ல் காப்புரிமை பெற்றார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது சின்னச் செப்புத் தொப்பியாகச் சுருங்கியது. இன்றைய தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் அதன் வாரிசுதான்.

உலோகத் தோட்டா ஏன் அவ்வளவு பெரிய மாற்றம்?

மக்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் சொல்வார்கள். உண்மையான காரணம் வாயுக்கசிவு. பின்பக்கம் திறந்து நிரப்பும் துப்பாக்கியை முன்பே செய்துபார்த்தார்கள். மூடியின் இடுக்கு வழியாகச் சுடுவாயு சுடுபவரின் முகத்தில் அடித்தது. 1841-ல் பிரஷ்யா ஏற்ற டிரைசே ஊசித்துப்பாக்கி, காகிதத் தோட்டாவோடு இந்தக் குறையைச் சகித்துக்கொண்டுதான் வேலை செய்தது. ஆனாலும் 1866-ல் ஆஸ்திரியாவுடன் நடந்த கோனிக்கிரேட்ஸ் சண்டையில் படுத்தபடியே நிரப்பிச் சுட்ட பிரஷ்ய வீரர்களுக்கு, நின்றுகொண்டு குழல்வாயில் மருந்து இடித்த ஆஸ்திரியர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பித்தளைக் கூடு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அழுத்தம் ஏறும்போது கூடு விரிந்து, தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றுச் சுருங்கி வெளியே வருகிறது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளைக்கு இந்த இரண்டு குணமும் உண்டு. முழுத் தோட்டா என்பது கூடு, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. சுட்டதும் பறந்து போவது குண்டு மட்டுமே.

காகிதத் தோட்டாவுக்கு இந்திய வரலாற்றிலும் இடமுண்டு. 1853 மாதிரி என்ஃபீல்டின் தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அதில் தடவிய கொழுப்பு மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் என்ற நம்பிக்கை 1857 கிளர்ச்சிக்கு உடனடிப் பொறியாக அமைந்தது.

புகையில்லா மருந்து என்ன செய்தது?

கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்குமேல் திடமான கழிவாகிறது. அதுதான் வெண்புகை, அதுதான் குழலை அடைக்கும் கரி. 1884-ல் பால் வியேய் நைட்ரோசெல்லுலோஸ் மருந்தை உருவாக்கினார். இரண்டே ஆண்டில் 8 மி.மீ. லெபெல் ரைஃபிள் பிரெஞ்சுப் படைக்கு வந்தது. குண்டின் வேகம் நொடிக்கு 600 மீட்டரைத் தாண்டியது, குழலின் விட்டம் சுருங்கியது. கழிவு குறைந்ததால் நுட்பமான தானியங்கிப் பொறிகளும் சிக்காமல் ஓடத் தொடங்கின. 1884-ல் ஹைரம் மாக்சிம் அமைத்த இயந்திரத்துப்பாக்கி நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 சுற்று சுடக்கூடியது. புகையில்லா மருந்து இல்லாமல் அது முழுமையடைந்திருக்காது.

குழலுக்குள் ஏன் சுருள்பள்ளம்? எவ்வளவு சுழற்சி வேண்டும்?

நீளமான குண்டு சுழலாமல் போனால் காற்றில் கவிழ்ந்து உருளும். ரைஃப்ளிங் என்னும் சுருள்பள்ளம் அதைச் சுழற்றி நிலைப்படுத்துகிறது. சுழற்சியைக் கணக்கிட 1879-ல் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்த சூத்திரம் இன்றும் முதல் மதிப்பீட்டுக்குப் போதும். குண்டின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். 7.82 மி.மீ. விட்டமும் 30 மி.மீ. நீளமும் உள்ள குண்டுக்கு விடை ஏறத்தாழ 306 மி.மீ. அதாவது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 1,67,000 சுற்றாகிறது.

குண்டு நீண்டால் சுருள் நெருக்கமாக வேண்டும். அமெரிக்கப் படையின் எம்16ஏ1 ரைஃபிளில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருந்தது, நீளமான குண்டு வந்தபோது எம்16ஏ2-இல் 7 அங்குலத்துக்கு ஒன்றானது இதனால்தான். நீளமான குண்டைப் பழைய குழலில் சுட்டால் இலக்குத்தாளில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துளை போன்ற கிழிசல் விழும். குண்டு பக்கவாட்டில் மோதியிருக்கிறது என்று அர்த்தம்.

.38, 9×19, 12 போர். இந்த எண்களை எப்படிப் படிப்பது?

9×19 போன்ற மெட்ரிக் பெயர் நேரானது. முதல் எண் விட்டம், இரண்டாவது கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். அங்குலப் பெயர்களை நம்பி அளக்கக்கூடாது. .38 ஸ்பெஷல் குண்டின் உண்மையான விட்டம் .357 அங்குலம்தான். பெயர் பழைய கூட்டின் வெளி விட்டத்திலிருந்து வந்தது.

ஷாட்கன் என்னும் சிதறுகுண்டுத் துப்பாக்கிகளுக்கான போர் (bore) என்ற குழல் அளவு தலைகீழானது. குழலுக்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை என்பதே எண். 12 போருக்கு ஒவ்வோர் உருண்டையும் 37.8 கிராம், விட்டம் 18.5 மி.மீ. ஆகவே 20 போர், 12 போரைவிடச் சிறியது. .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது நேரடியாக அங்குலம்.

சட்டமும் இந்த எண்களைப் பிடித்துக்கொள்கிறது. இந்தியாவில் படைகள் பயன்படுத்திய .303 போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டதால்தான் .315 ரைஃபிளும் .32 ரிவால்வரும் அங்கே உரிமதாரர்களிடம் பரவலாகக் காணப்படுகின்றன.

தோட்டா அறைக்குள் பொருந்துகிறது. அப்படியானால் சுடலாமா?

கூடாது. பொருந்துவது பாதுகாப்புக்கு அத்தாட்சி அல்ல. துப்பாக்கி வெடித்துச் சிதறும் விபத்துகள் பல இங்கேதான் பிறக்கின்றன.

20 போர் தோட்டாவை 12 போர் துப்பாக்கியில் போட்டால் அது அறையைத் தாண்டி நழுவிக் குழலில் சிக்கிக்கொள்ளும். பின்னால் அறை காலியாகத் தெரியும். சுடுபவர் நிரப்ப மறந்துவிட்டோம் என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுடுவார். குழல் முன்கையருகே பிளக்கும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். இரண்டு அளவுத் தோட்டாக்களை ஒரே பையில் வைக்கவே வைக்காதீர்கள்.

அடுத்தது நீளம். ஷாட்கன் தோட்டாவின் மேல் எழுதிய நீளம், சுட்டு விரிந்தபிறகான நீளம். சுடாத 70 மி.மீ. தோட்டா பழைய 65 மி.மீ. அறைக்குள் தடையின்றி நுழைந்துவிடும். சுடும்போது அதன் வாய்மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலான பகுதியை நெரிக்கும், அழுத்தம் எகிறும். மூன்றாவதாக, .38 ஸ்பெஷலை .357 மேக்னம் ரிவால்வரில் சுடலாம், மாற்றிச் செய்யக்கூடாது. மேக்னம் கூட்டை 3.4 மி.மீ. நீட்டிச் செய்ததே அது பழைய அறைக்குள் போகாதிருக்கத்தான்.

குழலில் உள்ள முத்திரைகள் எதற்கு?

அதிக அழுத்தத் தோட்டாவால் சோதித்துத் தேறியதற்கான சான்று. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் குழுமத்துக்கு 1637-ல் சாசனம் கிடைத்தது, பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813-ல் வந்தது. 1914-ல் தொடங்கிய, துப்பாக்கிச் சோதனைக்கான சி.ஐ.பி. என்னும் பன்னாட்டு ஆணையம் உறுப்பு நாடுகளுக்குப் பொது அளவு வைத்தது. 9×19-க்கு உச்ச அழுத்தம் 2,350 பார் (bar என்னும் அழுத்த அலகு), .308 வின்செஸ்டருக்கு 4,150 பார், சாதாரண 12 போருக்கு 740 பார். சோதனைத் தோட்டா ரைஃபிளுக்கு இதைவிட 25 விழுக்காடும் கைத்துப்பாக்கிக்கு 30 விழுக்காடும் கூடுதலாகத் தரும். முத்திரை சொல்வது சோதித்த நாளின் நிலையை மட்டுமே. பிறகு குழலைக் குடைந்திருந்தாலோ அறையை நீட்டியிருந்தாலோ அது செல்லாது.

செமி ஆட்டோமேட்டிக், ஆட்டோமேட்டிக் என்ன வேறுபாடு?

இரண்டிலும் சுட்ட தோட்டாவின் ஆற்றலே கூட்டை வெளியேற்றி அடுத்ததை ஏற்றுகிறது. செமியில் ஒவ்வொரு குண்டுக்கும் விசையை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுடும். ஆற்றலை எடுக்கும் வழிகள் மூன்று. சிறிய தோட்டாக்களில் அறையை மூடும் போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே தாக்குப்பிடிக்கும். 9×19 போன்றவற்றுக்குக் குழலும், பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் ஸ்லைடும் சிறிது தூரம் பூட்டியபடி பின்வாங்கிப் பிரியும், ஜான் பிரவுனிங் நிலைநாட்டிய முறை இது. ரைஃபிள்களில் குழலிலிருந்து கொஞ்சம் வாயுவை எடுத்துப் பிஸ்டனைத் தள்ளுவது வழக்கம்.

சட்டம் எதைப் பிடிக்க வேண்டும் என்பதற்கு இங்கே ஒரு நல்ல ஒப்பீடு கிடைக்கிறது. 1994 முதல் 2004 வரை நடப்பிலிருந்த அமெரிக்கத் தடை, கழற்றும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உள்ள செமி ரைஃபிளில் மடிக்கும் கட்டை, பிஸ்டல் பிடி, பயனெட் மாட்டும் கொக்கி போன்ற அம்சங்களை எண்ணியது, இரண்டு இருந்தால் தடை. உற்பத்தியாளர்கள் கொக்கியைக் கழற்றிவிட்டு அதே பொறியை விற்றார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேர் கொல்லப்பட்டபின் 2019-ல் நியூசிலாந்து பொறியையே பிடித்தது. செமி வகைகளைத் தடைசெய்துவிட்டு, 10 தோட்டாவுக்கு மிகாத .22 ரிம்ஃபயர் போன்ற சில விலக்குகளை மட்டும் தந்தது. தோற்றத்தைத் தடுக்கும் சட்டத்தை அரத்தால் தாண்டிவிடலாம். செயலைத் தடுக்கும் சட்டம்தான் நிற்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை. என்ன செய்வது?

குழல்வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து 30 நொடி அசையாமல் இருங்கள். குழல்வாயில் நிரப்பும் கருமருந்துத் துப்பாக்கி என்றால் குறைந்தது ஒரு நிமிடம். பிரைமர் தாமதமாகப் பற்றினால் தோட்டா கையில் வெடிக்கும். அதன் பிறகே திறந்து எடுத்துத் தனியே வையுங்கள்.

இதைவிட ஆபத்தானது, மெலிதாக “டப்” என்ற ஒலியோடு பின்னுதைப்பு குறைந்து வரும் சுடல். மருந்து இல்லாமல் அல்லது நனைந்துபோய், பிரைமரின் உந்துதல் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்தியிருக்கும். அடுத்த குண்டு அதில் மோதினால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். ஒலியில் சந்தேகம் வந்த கணத்தில் நிறுத்தி, மேகசினைக் கழற்றி, அறையைக் காலிசெய்து, துப்புரவுக் கோலை விட்டுக் குழல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சேறும் பனியும் மறந்துபோன துணித்துண்டும்கூட இதே வேலையைச் செய்யும்.

பிஸ்டலைக் காலிசெய்யும் சரியான வரிசை எது?

விரல் விசைக்கு வெளியே, குழல்வாய் பாதுகாப்பான திசையில். முதலில் மேகசினைக் கழற்றவும். பிறகு ஸ்லைடை முழுதும் பின்னிழுத்து அறைத் தோட்டாவை வெளியேற்றி, பின்னேயே நிறுத்தி, அறையைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவவும். இருட்டில் விரல்தான் நம்பகமானது.

வரிசை மாறினால் நடப்பது இது: மேகசின் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், ஸ்லைடு முன்னே போகும்போது இன்னொன்று அறைக்குள் ஏறும். பிறகு மேகசினைக் கழற்றியவருக்குக் காலி என்ற நம்பிக்கை வந்துவிடும். “காலி என்று நினைத்தேன்” என்று சொல்லப்படும் மரணங்கள் இப்படித்தான் நிகழ்கின்றன.

எண்ணெய் போட்டும் குழல் துருப்பிடிக்கிறதே?

பழைய படைத்தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு படியும், கறியுப்பைப் போலவே ஈரத்தை இழுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் போடுங்கள்.

சைலன்சர் உண்மையில் ஒலியை அடக்குமா?

ஓரளவுக்கு. 1909-ல் ஹைரம் பெர்சி மாக்சிம் காப்புரிமை பெற்ற கருவி, வெளியேறும் வாயுவை அறைகளில் விரியவிட்டு வேகம் குறைக்கிறது. 160 டெசிபல் அளவிலுள்ள வெடியொலி 20 முதல் 35 வரை குறையும். செவிக்கு உடனடிச் சேதம் தரும் எல்லையாக 140 டெசிபலைக் கொள்வதால் இது பெரிய பயன். ஆனால் ஒலிவேகத்தைத் தாண்டும் குண்டின் சாட்டையடி ஓசை அப்படியே இருக்கும். அமெரிக்காவில் 1934 சட்டம் இதைப் பதிவு செய்ய வைத்தது. நார்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைக்காரர்கள் செவிகாக்கும் கருவியாகவே பயன்படுத்துகிறார்கள்.

பாகங்களாகப் பிரித்தால் எது “துப்பாக்கி”?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொறியைத் தாங்கும் ரிசீவர் அல்லது ஃபிரேம் மட்டுமே துப்பாக்கி, 1968 முதல் தொடர் எண் அதில்தான் கட்டாயம். குழலும் ஸ்லைடும் வெறும் உதிரிபாகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் குழல், ஃபிரேம், ரிசீவர், ஸ்லைடு, சிலிண்டர், போல்ட் ஆகிய எல்லாமே முக்கியப் பாகங்கள், தனியே வாங்கவும் அனுமதி வேண்டும். எண் இல்லாத வீட்டுத் தயாரிப்புத் துப்பாக்கிச் சிக்கல் அமெரிக்காவில் பெரிதாக வெடித்ததற்கு இந்த வரையறையும் காரணம். அரைகுறையாக முடித்த ஃபிரேமைத் துப்பாக்கி இல்லை என்று விற்றுவந்தார்கள். அத்தகைய கிட்டுகளையும் துப்பாக்கியாகக் கருதும் 2022 விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் நிலைநிறுத்தியது.

நாடுகள் எங்கெங்கே கோடு போட்டிருக்கின்றன?

அமெரிக்காவில் ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்கும் ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்கும் குறைந்தால் 1934 சட்டத்தின் தனிப் பதிவுக்குள் வந்துவிடும். அந்த மசோதாவில் முதலில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன, ரைஃபிளையோ ஷாட்கனையோ அறுத்துக் கைத்துப்பாக்கிபோல ஆக்கித் தப்பாதபடி வைத்த வேலிதான் குட்டைக்குழல் விதி. பின்னர் கைத்துப்பாக்கியை நீக்கிவிட்டார்கள், வேலி மட்டும் நின்றுவிட்டது.

பிரிட்டன் 1996 டன்பிளேன் கொலைகளுக்குப் பின் 1997-ல் இரண்டு சட்டங்களால் கைத்துப்பாக்கிகளை ஏறத்தாழ முழுதும் தடைசெய்தது. ஆஸ்திரேலியாவில் அதே 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின், அரசு ஏறத்தாழ 6.5 லட்சம் துப்பாக்கிகளை விலைகொடுத்துத் திரும்பப் பெற்றது. அங்கே உரிமம் கேட்பவர் உண்மையான காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு என்பது காரணமாக ஏற்கப்படாது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி ஒருவர் வைத்திருக்கக்கூடியவை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன.

காற்றுத்துப்பாக்கிக்குக் குண்டின் ஆற்றலை அளக்கும் ஜூல்தான் எல்லைக்கோடு. ஜெர்மனியில் 7.5, பிரிட்டனில் காற்று ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது 16.3 ஜூல். அரை கிராம் குண்டு நொடிக்கு 173 மீட்டரில் போனால் முதல் எல்லைக்குள் இருக்கும், 250 மீட்டரில் 15.6 ஜூலாகி இரண்டாவது எல்லையை நெருங்கிவிடும். ஸ்பிரிங்கை மாற்றினால் உரிமம் தேவைப்படும் பொருளாக மாறிவிடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

வானத்தை நோக்கிச் சுட்டால் என்ன ஆகும்?

நேர் மேலே போன ரைஃபிள் குண்டு நொடிக்கு 90 மீட்டர் அளவில் விழும், மண்டையோட்டைத் துளைக்க அது போதும். கொஞ்சம் சாய்வாகச் சுட்டால் முனை முன்னோக்கியே பறந்து இன்னும் வேகமாக இறங்கும். கொண்டாட்டச் சூடு இந்தியாவில் 2019 முதல் தனிக்குற்றம், இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு.

பன்னாட்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றனவா?

உண்டு. 400 கிராமுக்குக் குறைந்த வெடிகுண்டு வகை எறிபொருள்களைப் போரில் விலக்கிய 1868 செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிக்கையும், உடலில் விரியும் குண்டுகளை விலக்கிய 1899 ஹேக் அறிக்கையும் பழையவை. ஐ.நா.வின் 2001 துப்பாக்கி நெறிமுறை, தயாரிக்கும்போதே அடையாளம் பொறிக்கச் சொல்கிறது. ஆயுத வணிக ஒப்பந்தம் 2014 டிசம்பர் 24-ல் நடைமுறைக்கு வந்தது.

தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் கிடைத்தது. அடுத்து என்ன?

நிரம்பியிருக்கிறது என்றே கருதுங்கள். கருமருந்து உலர்ந்த இடத்தில் பல பத்தாண்டு கழித்தும் வெடிக்கும். குழல்வாயில் நிரப்பும் வகை என்றால், வாயை உங்களிடமிருந்தும் பிறரிடமிருந்தும் விலக்கிவைத்து, பக்கவாட்டில் நின்று, ஒரு மரக்குச்சியை மெதுவாக அடிவரை விட்டு வாயருகே அடையாளம் போடுங்கள். அதே குச்சியைக் குழலுக்கு வெளியே வைத்துப் பாருங்கள். நுனி பற்றவைக்கும் துளைவரை எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள், காவல் நிலையத்துக்கோ உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளருக்கோ தகவல் சொல்லி அவர்களை வரவழையுங்கள். துப்பாக்கியை நீங்களே எடுத்துச் செல்வதுகூடச் சில இடங்களில் குற்றமாகும்.

பழையது என்பதாலேயே விலக்கு கிடைத்துவிடாது. அமெரிக்காவில் 1898 வரை செய்தவை பழம்பொருள், ஆண்டு மட்டுமே கணக்கு. பிரிட்டனில் அதன் தோட்டா வழக்கொழிந்த பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். உரிமதாரர் இறந்தால் வாரிசுக்கு உரிமை தானாக மாறுவதில்லை, புதிய உரிமம் வரும்வரை ஒப்படைத்து வைக்க வேண்டிய நாடுகளே அதிகம். துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். உப்புத்தாள் தேய்ப்பில் தொடர் எண் மங்கினால் எண்ணை அழித்த குற்றத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், சோதனை முத்திரைகளும் அதோடு போய்விடும்.